மலை சார்

சார் காலமான செய்தி கிருஷ்ணகிரியிலிருந்து வந்ததிலிருந்து, இந்தச் சிறப்பு மலருக்கு வேறு எதைப் பற்றியும் எழுத மனசு வரவில்லை. பெயர் சொல்ல வேண்டியதில்லை. நம் பள்ளியில் படித்தவர்களுக்கு ‘மலை சார்’ என்றாலே போதும்.

பூகோளம் எடுத்தார். ஆனால் அவர் நிஜமாகப் பாடம் நடத்தியது இரண்டாம் சனிக்கிழமைகளில், கிருஷ்ணகிரி கோட்டை மலையில். காலையில் புளியமரத்தடிக்கு யார் வந்து நிற்கிறார்களோ அவர்களெல்லாம் போகலாம். பேர் கொடுக்க வேண்டாம், காசு கொடுக்க வேண்டாம். தூக்குப்போசியில் புளிச்சாதம் இருந்தால் சரி. பாதி மலையில் எங்களை உட்கார வைத்து, 1791ல் ஆங்கிலேயக் கர்னல் மேக்ஸ்வெல்லின் படை கீழ்க்கோட்டையைப் பிடித்தும் மேல்கோட்டைக்கு ஏற முடியாமல் திரும்பிய கதையைச் சொல்வார். “ஏன் முடியலைன்னு புத்தகத்துல தேடாதீங்க, உங்க முட்டியைக் கேளுங்க” என்பார். உச்சிக்குப் போனதும் டேமைக் காட்டுவார். நந்தி மலையில் பிறந்த தென்பெண்ணை ஓசூர் வழியாக இங்கே வந்து, சாத்தனூரைத் தாண்டி, கடலூரில் கடலைச் சேரும் வரை விரலாலேயே எங்களை நடத்திக் கூட்டிப் போவார். அந்த ஆற்றை நான் மனப்பாடம் செய்ததே இல்லை. இன்றைக்கும் மறக்கவில்லை.

காடு மலை என்று சுற்றுகிற ஆள் வீட்டில் தங்க மாட்டார் என்பார்கள். சார் வீட்டையே கூட்டிக்கொண்டு சுற்றினார். நம் ஓசூரில் செய்த டிவிஎஸ் 50 வண்டியில் முன்னால் சின்ன மகள் நிற்பாள். பின்னால் சாரின் மனைவி, எங்களுக்கெல்லாம் அம்மா; அவர் மடியில் பெரியவள். சாலை ஓரத்தில் நல்ல கீரை கண்ணில் பட்டால் அம்மா சாரின் தோளைத் தட்டுவார், வண்டி நின்றுவிடும். ஒகேனக்கல்லில் பரிசல்காரரிடம் கெஞ்சி, மகள்கள் இருவரிடமும் துடுப்பைக் கொடுக்கச் சொன்னார். பொட்டப்புள்ளைங்களுக்கு எதுக்கு சார் இதெல்லாம் என்று பக்கத்துப் பரிசலில் இருந்த ஒருவர் கேட்டார். “ஆத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாதுங்க” என்றார் சார். அந்தக் காலத்தில் அப்படிப் பேசிய ஒரு அப்பாவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்கு மகள் பிறந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்த வார்த்தைதான்.

மல்லச்சந்திரம் போனதை நம் செட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பாறை மேல் கல்திட்டைகள் வரிசையாக நிற்கும். நாலு பக்கமும் பலகைக் கல், மேலே ஒரே கல்லாக மூடி, ஒரு பக்கக் கல்லில் வட்டமாக ஒரு துளை. ஒரு சின்னப் பிள்ளை நுழைகிற அளவுதான் இருக்கும். சாரின் சின்ன மகள் டார்ச்சோடு முதலில் உள்ளே போனாள். “அப்பா, குதிரை மேல ஆளு!” என்று உள்ளிருந்து கத்தினாள். நாங்களும் ஒவ்வொருவராகத் துளையில் தலையை விட்டுப் பார்த்தோம். கல்லில் வெள்ளை நிறத்தில் வரைந்த ஓவியம், விரல் பருமனுக்குக் கோடுகள். “தொடாதீங்க, கை வேர்வை பட்டா அழிஞ்சிடும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லாரும் பார்த்து முடித்த பிறகுதான் அவர் குனிந்தார், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அப்புறம் சாப்பிடும்போது சொன்னார்: “ஊருல பாண்டவர் வீடுன்னு சொல்றாங்க. இது செத்தவங்களுக்குக் கட்டின வீடு. இவ்ளோ பெரிய கல்லை ஒருத்தர் தூக்க முடியாது. சொந்தம் பந்தம் எல்லாம் சேர்ந்து தூக்கியிருக்கு.” அம்மா எங்களுக்கு இன்னொரு கை சாதம் வைத்தார். வானம்பார்த்த பூமி, வறண்ட மாவட்டம் என்று கேட்டே வளர்ந்த எங்களுக்கு, அதே மண்ணை ஒரு சொத்தைப் போல எடுத்துக் கொடுத்தவர் அவர்.

2022 மே மாதம், நம் மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பு கி.மு. 2172 காலத்தது என்று அறிவிப்பு வந்தது. 4,200 வருஷத்துக்கு முன்னால்! சிங்கப்பூரில் ரயிலில் அதைப் படித்த உடனே சாரைக் கூப்பிட்டேன். “நம்ம தொகரப்பள்ளிப் பக்கம்டா அது” என்றார். குரல் அதே கோட்டை மலைக் குரல். மூட்டு வலியில் படி ஏறவே சிரமம் என்று அம்மா பின்னாலிருந்து சொன்னது கேட்டது. அவர் அதைக் காதில் வாங்கவில்லை. “நீ வா, சேர்ந்து போலாம். அங்க மலை இருக்கா உனக்கு?” என்றார். புக்கிட் தீமா இருக்கிறது சார், 164 மீட்டர், அதுதான் இந்த நாட்டிலேயே உயரம் என்றேன். “சரி கண்ணு, அதையாவது ஏறு. புள்ளைங்களை விட்டுட்டுப் போகாதே.”

பிள்ளைகளோடுதான் ஏறுகிறேன். மழைக்காடு, நல்ல பாதை, மேலே வரை தார் ரோடு. உச்சியில் நின்று ஆற்றைக் காட்ட என் விரல் தானாக எழும்பும். இங்கே எந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குத் தென்பெண்ணை என்பது நான் சொல்லும் கதைகளில் வருகிற ஒரு பெயர், அவ்வளவுதான். வேலை, வீடு, படிப்பு எல்லாம் இங்கே கிடைத்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சார் கொடுத்ததை அவர் கொடுத்த மாதிரி என்னால் கொடுக்க முடியவில்லை. அதற்கு அந்த மண்ணில் நிற்க வேண்டும்.

நம் செட்டில் சந்தூரில் மாங்கன்று நர்சரி வைத்திருப்பவன்தான் கடைசியில் அவரை மயிலாடும்பாறைக்குக் காரில் கூட்டிப் போனான். அம்மா, மகள்கள் இருவர், பேரப்பிள்ளைகள் எல்லாரும் போயிருக்கிறார்கள். வழியில் கீரைக்காக ஒரு இடத்தில் வண்டியை நிறுத்தினார்களாம். அவன் ஊரிலேயே இருந்தான். நானும் இருந்திருந்தால் அன்றைக்கு இரண்டாவது வண்டியை நான் எடுத்திருப்பேன்.