பச்சைக் கட்டமும் சட்டைப் பையும்

2019 ஆடி மாதத்தில் எனக்கு டிபி என்று தெரிந்தது. மூன்று வாரமாக இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். சளிப் பரிசோதனையில் பாசிட்டிவ். வீடு அயனாவரம், வேலை புதுப்பேட்டையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில். முதலாளியிடம் டைபாய்டு என்று சொல்லி லீவு போட்டேன். உண்மையைச் சொல்ல அப்போது வாய் வரவில்லை.

எங்கள் பகுதிக்கு டிபி ஹெல்த் விசிட்டராக இருந்தவர் ஓர் அக்கா. மருந்து கொடுக்கும்போது, மாத்திரையைவிட அட்டையைச் சுற்றியிருந்த உறையைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார். என் எடைக்குத் தினம் நாலு மாத்திரை. மாத்திரையை அழுத்தி எடுத்தால் உறை கிழிந்து, உள்ளே ஒளிந்திருக்கும் போன் நம்பர் தெரியும். பதிவு செய்த செல்போனிலிருந்து அந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும். காசு கிடையாது. அடுத்து எந்த நம்பர் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது, பிதுக்கினால்தான் உண்டு. இந்த ஏற்பாட்டுக்கு 99 டாட்ஸ் என்று பெயர். மறந்தால் மெசேஜ் வரும். அதற்கும் அசையாவிட்டால் அக்காவே கூப்பிடுவார். முன்பெல்லாம் வாரம் மூன்று நாள் நேரில் போய், அவர்கள் கண் முன்னாலேயே முழுங்க வேண்டுமாம். மிஸ்டு கால் கொடுத்தே வளர்ந்த எனக்கு இது ரொம்ப சுலபமாகப் பட்டது.

முதல் இரண்டு வாரம் சுலபமாகத்தான் போனது. அப்புறம் குமட்டல். செங்கல் நிறத்தில், கட்டை விரல் நகத்தை விடப் பெரிதாக நாலு மாத்திரை. வெறும் வயிற்றில் அதைப் பார்த்தாலே ஓங்கரிக்கும். ஒருநாள் காலை பிதுக்கி எடுத்தேன், நம்பருக்குக் கூப்பிட்டேன், மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மத்தியானம் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. மத்தியானம் போடவில்லை. மறுநாளும் அதே கதை. மெசேஜ் எதுவும் வரவில்லை. ஏன் வரப்போகிறது? கணக்குப்படி நான் ஒழுங்கான பிள்ளை.

மூன்றாம் நாள் அம்மா துணி ஊற வைத்தாள். வெள்ளைச் சட்டையின் பையில் வெற்றிலை எச்சில் துப்பியதுபோல் சிவப்புக் கறை. அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வாரம் அக்கா வீட்டுக்கு வந்தபோது, சட்டையைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டுவிட்டாள்.

அக்கா தன் செல்போனைத் திறந்து, நான் கூப்பிட்ட கணக்கை மாதக் காலண்டர் போல நாளுக்கு ஒரு கட்டமாகக் காட்டினார். எல்லாக் கட்டமும் பச்சை. பிறகு குரலைத் தாழ்த்தி, "யூரின் என்ன கலர்ல போகுது?" என்றார். இந்த மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கிவிடும். இரண்டு நாளாக எனக்கு அது சாதாரணமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பொய் சொல்லத் தோன்றவில்லை. அவர் திட்டவும் இல்லை. டாக்டரிடம் கேட்டுவிட்டு, இரண்டு இட்லி சாப்பிட்டபின் போடச் சொன்னார். குமட்டலுக்கும் மாத்திரை வாங்கிக் கொடுத்தார். மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் ஆறு மாதத்தில் முடிவது வருடக்கணக்கில் இழுக்கும் என்று அவர் சொன்னது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

நாலாம் மாதம் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. டிஸ்ப்ளே உடைந்து, செல்போனை மூன்று நாள் கடையில் விட்டிருந்தேன். மாத்திரை ஒருவேளைகூடத் தவறவில்லை. ஆனால் கூப்பிட வழியில்லை. அங்கே மூன்று கட்டம் சிவப்பு. அக்கா பதறிப்போய் வாசலில் வந்து நின்றார். பக்கத்து வீட்டில் "யாருங்க அவங்க?" என்று கேட்டுவிட்டார்கள். எல்.ஐ.சி. ஏஜென்ட் என்று சமாளித்தாள் அம்மா. சாப்பிடாத நாளில் பச்சை, சாப்பிட்ட நாளில் சிவப்பு. சிரிப்பதா அழுவதா?

பின்னால் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். மாத்திரை உண்மையில் உள்ளே போகிறதா என்ற இந்தச் சந்தேகமே எங்கள் ஊர்ச் சரக்குதான். டிபிக்காரர்களை சானடோரியம் என்ற தனி ஆஸ்பத்திரியில் வைக்காமல் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியுமா என்று 1956இல் சென்னையில் சோதித்தார்கள். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். முடியும் என்று 1959இல் முடிவு வந்தது. அப்போதே, நோயாளி உண்மையில் முழுங்குகிறாரா என்று பார்க்க, சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். அறுபது வருடம் கழித்து, இந்த போன் முறை எவ்வளவு சரி என்று சென்னை, வேலூர், மும்பையில் ஆராய்ந்தவர்களும் திடீரென்று வீட்டுக்குப் போய் அதே சிறுநீரைத்தான் சோதித்தார்கள். போன் கணக்கும் அந்தச் சோதனையும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை.

அதற்காக மெசேஜ் வீண் என்று சொல்ல மாட்டேன். மறதிக்கு அது நல்ல மருந்து. கடையில் கூட்டம் இருந்த எத்தனையோ நாள் அதுதான் என்னைக் காப்பாற்றியது. ஆனால் நான் மாத்திரையை விட்டது மறதியால் இல்லையே.

168 வேளையும் முடித்தேன். கடைசிச் சளிப் பரிசோதனை நெகட்டிவ்.

இப்போது அப்பாவுக்குச் சர்க்கரை. அவர் செல்போனில் காலை எட்டு, இரவு எட்டு என்று அலாரம் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவரைக் கேட்காமலே அட்டையை எடுத்து எண்ணுவேன். போன வாரம் மூன்று அதிகமாக இருந்தது. அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.