தனியாகத் தொகுத்த கெர்னலில் ஐபிஎம்ஐ: இதுவரை செய்து பார்த்தது

சர்வருக்கெனத் தனியாகத் தொகுத்த லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையக்கரு) ஐபிஎம்ஐ (சர்வரின் வன்பொருளைக் கண்காணித்து நிர்வகிப்பதற்கான தரநிலை) ஆதரவைச் சேர்க்கும் வேலை ஓரளவு முடிந்துவிட்டது. மதர்போர்டில் இந்தக் கண்காணிப்பைச் செய்யும் பிஎம்சி தனிச் சில்லு என்பதால், இயங்குதளம் முடங்கிக் கிடந்தாலும் அது விழித்துக்கொண்டிருக்கும். ஆகவே கெர்னல் விழும்போது அதன் காரணத்தைப் பிஎம்சியிடம் சொல்லிவிட்டு விழ வேண்டும் என்பதே என் முதன்மையான நோக்கம். வெப்பநிலையும் விசிறி வேகமும் தெரிவது கூடுதல் ஆதாயம்தான்.

கெர்னலின் அம்சங்களைத் தேர்ந்தெடுக்கும் மென்யூகான்ஃபிக் பட்டியலில் கேரக்டர் டிவைசஸ் பகுதிக்குள் ஐபிஎம்ஐ இருக்கிறது. செய்தி கையாளியை அடித்தளமாகத் தேர்ந்த பிறகு, பிஎம்சியுடன் பேசும் எஸ்ஐ இயக்கியும் (டிரைவர்), ஐபிஎம்ஐடூல் போன்ற கருவிகள் திறக்கும் சாதனக் கோப்பை உருவாக்கும் இடைமுகமும் தனித்தனியாகத் தேவைப்படுகின்றன. பிஎம்சி எஸ்எம்பஸ் என்ற மதர்போர்டின் தொடர்புத் தடம் வழியாக இணைக்கப்பட்ட கணினிகளுக்கு எஸ்ஐக்குப் பதிலாக எஸ்எஸ்ஐஎஃப் இயக்கி வேண்டும். என் கணினியில் இருப்பது எஸ்ஐ இயக்கி கையாளும் வகைகளில் ஒன்றான கேசிஎஸ் இடைமுகம். இயக்கியின் மாட்யூலை (தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றும் துண்டு) ஏற்றியதும், வன்பொருள் விவரங்களைக் கெர்னலுக்குத் தரும் ஏசிபிஐ அட்டவணையிலிருந்து முகவரியை இயக்கி தானே எடுத்துக்கொண்டது.

உடனே, எந்த வேலை சிபியுவை அதிகம் பயன்படுத்துகிறது என்று காட்டும் டாப் பட்டியலில் கேஐபிஎம்ஐ0 என்ற கெர்னல் இழை மேலேறி நின்றது. கேசிஎஸ் ஒவ்வொரு பைட்டாகத்தான் செய்தியைக் கடத்தும், பிஎம்சிக்கு இன்டரப்ட் (தானாகவே சிபியுவை அழைக்கும் சைகை) இணைப்பு இல்லாவிட்டால், "அடுத்த பைட் தயாரா?" என்று இந்த இழை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மிகக் குறைந்த முன்னுரிமையில் ஓடுவதால் மற்ற வேலைகளுக்குப் பெரிய இடையூறு இல்லை, ஆனாலும் பார்க்க எரிச்சலாக இருந்தது. தூங்குவதற்கு முன் அது எத்தனை மைக்ரோ விநாடி சுழலலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் மாட்யூல் அளவுருவை 100 என்று வைத்தேன். பயன்பாடு அடங்கியது, சென்சார் பட்டியல் சற்று மெதுவாக வருகிறது, அது எனக்குப் பொருட்டில்லை.

கணினி உறைந்துபோனால் அதை மறுதுவக்கும் காலக்கணிப்பியான வாட்ச்டாகில் ஒரு சிக்கல் காத்திருந்தது. இன்டெல் சிப்செட்டின் வாட்ச்டாக் இயக்கி முன்பே ஏறியிருந்தால், வாட்ச்டாக் சாதனக் கோப்புக்குரிய எண்ணை அது பிடித்துக்கொள்கிறது. ஐபிஎம்ஐ வாட்ச்டாக் பதிவு செய்ய முடியாமல் நின்றுவிடுகிறது. இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும் என்பதால் சிப்செட் இயக்கியைத் தடைப்பட்டியலில் சேர்த்தேன். ஐபிஎம்ஐ வாட்ச்டாகின் இயல்புக் கெடு 10 விநாடி என்பது நெருக்கடியான காலம் என்று கருதி அதையும் நீட்டினேன்.

உண்மையில் நான் காத்திருந்த பகுதி பேனிக் நிகழ்வுகள், அதாவது மீளமுடியாத பிழையால் கெர்னல் நின்றுபோவது. இதற்கான தேர்வை இயக்கினால், கெர்னல் பேனிக் ஆகும்போது பிஎம்சியின் நிகழ்வுப் பதிவில் ஒரு குறிப்பு விழும். உடன் உள்ள இரண்டாவது தேர்வு பேனிக் வாசகத்தையே அங்கே எழுதும். சோதிப்பதற்காக, கெர்னலுக்கு நேரடிக் கட்டளை தரும் சிஸ்ஆர்கியூ வழியாக வேண்டுமென்றே கெர்னலைக் கவிழ்த்தேன். மீண்டும் துவங்கியபின் பதிவைப் பார்த்தால், இயங்குதளம் நின்றதைக் கூறும் வரிக்குக் கீழே இரண்டு பதின்அறும (ஹெக்ஸ்) எண் வரிசைகள் இருந்தன. ஒரு பதிவு 16 பைட். அதில் வாசகத்துக்குக் கிடைப்பது 11 பைட் மட்டுமே என்பதால், 21 எழுத்துள்ள பேனிக் வாசகம் ஒரு சொல்லின் நடுவிலேயே அறுபட்டு 11, 10 என்று பிரிந்திருந்தது. வரிசை எண்ணும் உடன் எழுதப்படுவதால் ஒட்டிப் படிப்பது எளிது. பேனிக் வாசகம் மட்டுமே வரும், பிழை நேர்ந்த வழியைக் காட்டும் முழு ஸ்டாக் ட்ரேஸ் வராது. ஆனால் வட்டும் நெட்வொர்க்கும் கைவிட்ட வேளையில் இந்த ஒரு வரியே பெரிய துப்பு.

கெர்னல் விழும்போது நினைவகத்தின் நகலைச் சேமிக்கும் கேடம்ப் வசதியைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதற்கான மாற்றுக் கெர்னலான க்ராஷ் கெர்னல் ஏற்றப்பட்டிருந்தால் பேனிக் ஆனவுடன் கட்டுப்பாடு அதற்குத் தாவிவிடுவதால், பிஎம்சிக்கு வாசகம் போய்ச் சேராது. பேனிக் அறிவிப்புகள் முடிந்த பின்னரே தாவச் சொல்லும் துவக்க அளவுரு ஒன்று உண்டு. ஆனால் ஏற்கெனவே நிலைகுலைந்த கெர்னலை மேலும் சற்று ஓடவிடுவதால் கேடம்ப் தோற்கும் வாய்ப்பு கூடும். இந்தச் சர்வரில் மெமரி டம்ப் எடுக்கும் தேவை இல்லாததால் கேடம்பையே நிறுத்திவிட்டேன். ஐபிஎம்ஐ பவர்ஆஃப் மாட்யூலை இன்னும் தொகுக்கவில்லை; ஏசிபிஐ வழியாகவே கணினி ஒழுங்காக அணைவதால் அதற்கு அவசரமும் இல்லை.