ஏழு வருஷம் எதற்கு?

பட்டறையில் ஆசான் பக்கத்தில் நின்று தொழில் பழகிய காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் உருகிவிடுகிறார்கள். எனக்கென்னவோ அதில் பாசத்தைவிடக் கொடுக்கல் வாங்கல்தான் அதிகம் தெரிகிறது.

இங்கிலாந்தில் 1563-இல் ஒரு சட்டம் வந்தது. குறைந்தது ஏழு வருஷம் ஒருவரிடம் பழகாதவன் அந்தத் தொழிலையே செய்யக் கூடாது. ஒப்பந்தத்தை ஒரே தாளில் இரண்டு முறை எழுதி, நடுவே கோணல்மாணலாக வெட்டி ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்கள், தகராறு வந்தால் இரண்டையும் ஒட்டவைத்துப் பார்ப்பார்கள், வெட்டு பொருந்தாவிட்டால் போலி. பையன் சாராயக்கடைக்குப் போகக் கூடாது, சூதாடக் கூடாது, கல்யாணம் பண்ணக் கூடாது, தொழில் ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது. முதலாளி சோறு போட்டு, தங்க இடம் கொடுத்து, தொழிலைக் கற்றுத்தர வேண்டும். சம்பளமா? பெரும்பாலும் கிடையாது. நல்ல வரும்படி உள்ள தொழில் என்றால் பையன் வீட்டார்தான் பணம் கட்ட வேண்டும்.

கடிகாரம் செய்யும் முறையைக்கூடச் சில வாரங்களில் சொல்லிக்கொடுத்துவிடலாம், கை பழகத்தான் நாளாகும், அதற்குக் கூலி கொடுத்தே வேலை வாங்கலாமே என்று 1776-இலேயே பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் எழுதிவிட்டார். அப்புறம் ஏன் ஏழு வருஷம்? முதல் சில வருஷம் பையன் எடுபிடி, பொருளையும் பாழாக்குவான். கை தேறிய பிறகு கூலியில்லாமல் உழைத்து அதை ஈடுகட்டுவான். முதலாளிக்கு லாபமே கடைசி வருஷங்களில்தான், அதனால் பையன் நடுவில் ஓடிப்போவதுதான் அவருக்குப் பெரிய பயம். பின்னாளில் அமெரிக்காவின் பெரிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் அப்படி ஓடியவர்தான்: 12 வயதில் சொந்த அண்ணனின் அச்சகத்தில் சேர்ந்து, 21 வயது வரை இருப்பதாகக் கையெழுத்துப் போட்டு, அடி தாங்காமல் 1723-இல் கிளம்பிவிட்டார்.

சுமார் 3,700 வருஷத்துக்கு முந்தைய, பாபிலோன் ராஜா ஹமுராபியின் சட்டம் இந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலை. கைவினைஞன் ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்துத் தொழில் கற்றுக்கொடுத்தால் யாரும் திருப்பிக் கேட்க முடியாது, கற்றுக்கொடுக்காவிட்டால் பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போய்விடலாம்.

இங்கிலாந்தின் ஏழு வருஷ விதி 1814-இல் ரத்தானது. அதைக் காப்பாற்றச் சொல்லி மனுமேல் மனுவாகப் போட்டவர்கள் யார் தெரியுமா? அந்த ஏழு வருஷத்தையும் பல்லைக் கடித்து முடித்த தொழிலாளிகள்தான். பழகாத ஆட்களை உள்ளே விட்டால் கூலி சரிந்துவிடும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.