வரைபடத்தில் கடலுக்குள் நின்ற கம்பம்

கானாவின் கிழக்குக் கரையோரம் ஒரு சமூக வானொலிக்கு அலைவரிசை கேட்டு அலைந்தது ஒருவழியாக முடிந்தது. சங்கப் பதிவு, குழுப் பட்டியல், நிகழ்ச்சித் திட்டம் எல்லாம் சிக்கலில்லாமல் போயின. மாதக்கணக்கில் இழுத்தடித்தது ஒரே ஒரு புள்ளிதான்.

ஆன்டெனாக் கம்பம் நிற்கும் இடத்தை அளந்தவர் 5°47′ வடக்கு, அதாவது 5 பாகை 47 நிமிடம் அட்சரேகை என்று சரியாகத்தான் கொடுத்தார். படிவத்தில் அது 5.47 ஆகிவிட்டது. ஒரு பாகைக்கு 60 நிமிடம் என்பதால் 47-ஐ 60-ஆல் வகுத்து 5.783 என்று எழுதியிருக்க வேண்டும். விட்டுப்போனது 0.313 பாகை, பாகைக்கு 111 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தெற்கே. அதாவது, கம்பம் கினி வளைகுடாவுக்குள்! விமானத் துறையின் உயரச் சான்று, மாவட்டச் சபையின் கட்டுமான அனுமதி இரண்டுக்கும் அதே எண்ணைத்தான் பார்த்து எழுதியிருந்தோம். மூன்றையும் திருத்த வேண்டியதாயிற்று. ஓர் அலுவலகத்தில் காரணமே சொல்லாமல் "கோப்பு பரிசீலனையில் இருக்கிறது" என்றே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். படிவத்தைக் கொடுக்கும் முன் அந்த எண்ணைக் கைபேசி வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். அரை நிமிட வேலை.

அரசியலமைப்பின் 162-வது பிரிவு ஊடகம் தொடங்க உரிமம் வேண்டாம் என்கிறதே என்று வாதாடிப் பயனில்லை. பத்திரிகைக்கு அலைவரிசை வேண்டாம், வானொலிக்கு வேண்டும். அதை ஒதுக்குவது தேசியத் தொடர்பு ஆணையம்.

அடுத்த பொறி, திறன் கணக்கு. "100 வாட் டிரான்ஸ்மிட்டர்தானே" என்று எழுதிவிடாதீர்கள். அரை அங்குலக் கேபிள் 40 மீட்டர் ஓடினால் ஏறக்குறைய 1 டெசிபெல் (திறன் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் அலகு) போகும். டைபோல் என்ற எளிய ஆன்டெனா இரண்டை அடுக்கினால், ஒன்றைவிட 3 டெசிபெல் கூடும். மிச்சம் 2 டெசிபெல் லாபம், ஆக ஆன்டெனா குவித்து அனுப்பும் திசையில் அது 158 வாட்டுக்குச் சமம். அனுமதியில் எந்த வாட்டைச் சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு ஆன்டெனா வாங்குங்கள். டிரான்ஸ்மிட்டருக்கு வகைச் சான்று (அந்த மாடலைப் பயன்படுத்தலாம் என்ற ஒப்புதல்) இருக்கிறதா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று முதலிலேயே இறக்குமதி செய்தால் தேமா துறைமுகத்தில் கிடந்து வாடகை ஏறும்.

இந்தக் கரையில் உப்புக்காற்று வேறு. ஆன்டெனாக் கேபிளின் கனெக்டரில் ரப்பர் டேப்பை இரண்டு அடுக்காக இழுத்துச் சுற்றாவிட்டால் ஈரம் இறங்கும். ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திறன் திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். (1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 2-ஐத் தொட்டால் அனுப்புவதில் 11 சதவீதம் திரும்பி வருகிறது என்று பொருள். உடனே நிறுத்திவிட்டு மேலே ஆளை ஏற்றுங்கள். எங்களுடையது இப்போது 1.2-இல் நிற்கிறது.