காது மெஷினும் ஒரு மனுவும்

ஜூன் 3, 2025, செவ்வாய்

நைட் டூட்டி முடிச்சு இப்பதான் வீட்டுக்கு வந்தேன். ராத்திரி ரெண்டு மணிக்கு டாக்டர் போன்ல மருந்து ஆர்டர் சொல்லக் கூப்பிட்டாவ, எனக்குக் காது சரியாக் கேக்காதுல்லா, நான் எடுக்கல, கூட இருந்த பிள்ளைட்ட குடுத்து, டோஸ வாட்ஸப்ல டைப் பண்ணிப் போடச் சொல்லுன்னேன். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் காது நல்லா உள்ளவங்களுக்கே போன்ல ஒண்ணு போலத்தான் விழும். இப்ப மத்த சிஸ்டர்மாரும் எழுதித்தான் கேக்காவ.

ஜூன் 5, வியாழன்

முன்னீர்பள்ளத்து ஆச்சிக்கு பிரஷர் பாக்கணும், டிஜிட்டல் மெஷின் எரர்னே காட்டுது. ஸ்டெத் எனக்கு உதவாது. கையில பிரஷர் பட்டைய சுத்தி காத்த ஏத்திட்டு மணிக்கட்டுல ரெண்டு விரல வச்சுக்கிட்டு பைய இறக்குனேன், நாடி திரும்பத் தட்டுன இடத்துல 90. மேல் பிரஷர் மட்டுந்தான் இப்படிக் கிடைக்கும், கீழ உள்ளதுக்கு இன்னொரு சிஸ்டரக் கூப்பிட்டேன், ஆனா கால்மாட்ட உயர்த்திட்டு டாக்டருக்குச் சொல்லிவிட அந்த 90 போதும்லா.

ஜூன் 8, ஞாயிறு

சேரன்மாதேவில இருந்து அக்காவும் மகளும் வந்தாவ. மக ப்ளஸ் டூ முடிச்சிட்டா, சின்னதுல இருந்தே ரெண்டு காதுலயும் மெஷின். "சித்தி, எனக்கு நர்சிங் குடுப்பாவளா?"

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை குறை இருக்கு, காது கேளாமையும் உண்டு, குறை 40 சதவீதமும் அதுக்கு மேலயும்னா அரசு காலேஜுகள்ல 5 சதவீத இடம். ஆனா நர்சிங் கவுன்சில் விதில அந்த 5 சதவீதம் காலுல 40ல இருந்து 50 சதவீதம் குறை உள்ளவங்களுக்குன்னு இருக்கு, காதுக்கு இடமில்ல. எனக்கு பத்து வருஷ சர்வீசுக்கு அப்புறந்தான் காது போச்சு, அதனால வார்டுல நிக்கேன். அதே காதோட இந்தப் பிள்ள வந்தா வாசலோட நிக்கணுமா? நெனச்சு நெனச்சு சோறு இறங்கல. 2024 அக்டோபர்ல ஒரு எம்பிபிஎஸ் கேஸுல, சதவீதத்த மட்டும் வச்சு ஆள ஒதுக்காதீங்க, படிக்க முடியுமான்னு பாருங்கன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. இவளயும் அப்படிப் பாத்துட்டுச் சொல்லுங்கன்னு கலெக்டருக்கு ஒரு மனு எழுதுனேன்.

ஜூன் 9, திங்கள்

கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல மனு நாள், மூணு பேரும் போனோம். வரிசைல நிக்கும்போது அவ என் மணிக்கட்டப் பிடிச்சு, வாட்ச்சப் பாத்து ஒரு நிமிஷம் எண்ணுனா. "84 சித்தி." நானும் எண்ணிப் பாத்தேன், 84தான். மனுவக் குடுத்து ரசீது வாங்கியாச்சு.