அம்மாவின் வளையல்களை உருக்கிய நாள்

அம்மா இறந்து வருடத் திதி முடிந்த மறுநாள், அப்பா பீரோவிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்துவந்து வைத்தார். "தாலி என்னிடம் இருக்கட்டும். மற்றதை நீங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். நான்கு வளையல்கள், ஏழுகல் சிவப்புத் தோடு ஒரு ஜோடி. யாருக்கு எது என்று அக்காவும் நானும் தம்பியும் அன்றைக்கே பேசி முடித்தோம். நகை பட்டறைக்குப் போவதற்கு முன்பே இது முடிந்துவிட வேண்டும் என்பேன்.

முதலில் ஒரு பெரிய நகைக்கடைக்குப் போனேன். பழைய தங்கத்துக்கு விலை போட்டு, அந்தத் தொகைக்குப் புது நகை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சேதாரமும் செய்கூலியும் தனி. அதைவிட என்னை உறுத்தியது வேறு. அம்மாவின் வளையல் யாருடைய தங்கத்தோடோ சேர்ந்து உருகிவிடும். எனக்குக் கிடைப்பது வேறு தங்கம். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மதுரை தெற்காவணி மூல வீதியை ஒட்டிய சந்து ஒன்றில், எங்கள் வீட்டுக்கு முன்பு கொலுசு செய்து தந்த பத்தர் இருக்கிறார். கண்முன்னாலேயே உருக்கித் தர ஒப்புக்கொண்டார். எடை போட்டார். எட்டுச் சவரன் வளையல் என்று அம்மா பெருமையாகச் சொல்வார். 64 கிராம் வர வேண்டும். தராசு 61.400 காட்டியது. என் முகம் மாறியதைப் பார்த்து, ஒரு வளையலைக் கையில் கொடுத்து விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொன்னார். பக்கத்து வளையலோடு உரசி உரசி வேலைப்பாடே மழுங்கியிருந்தது. "நாற்பது வருடம் கையில் கிடந்தது தேயாமல் இருக்குமா அம்மா?" என்றார். மாவு பிசைந்து, பாத்திரம் துலக்கித் தேய்ந்த இரண்டரைக் கிராம்! அம்மிக்கல்லில் மோதி நசுங்கிய வளையல் ஒன்றும் அதில் இருந்தது. அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டேன்.

மற்ற மூன்றும் மூசைக்குள், அதாவது உருக்கும் கிண்ணத்துக்குள், போயின. வெண்காரம் தூவி நெருப்பைப் பாய்ச்சியதும் வளையங்கள் சிவந்து, சரிந்து, ஒன்றின்மேல் ஒன்று படுத்தன. பிறகு வளையல் இல்லை, ஆடும் ஒரு துளி மட்டும். அழக்கூடாது என்றுதான் போயிருந்தேன்.

சோதனையில் தரம் 88 சதவீதம் வந்தது. 22 கேரட்டுக்கு 91.6 வேண்டும். அந்தக் காலத்து நகைகளில் இணைப்புகளைப் பற்றவைக்கப் பயன்படுத்திய பொடி தரத்தை இறக்கிவிடும் என்றார். சுத்தத் தங்கம் சேர்த்துத் தரத்தை ஏற்றலாம். அதற்கு ஏறக்குறைய இருபது கிராம் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் சுத்திகரிக்கக் கொடுக்கலாம், எடை குறையும். 22 கேரட்டுக்கான 916 முத்திரை இல்லாமல் பின்னால் விற்றால் விலை கிடைக்காது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். விற்பதற்கா செய்கிறோம்? இருக்கிறபடியே செய்யச் சொல்லிவிட்டேன். நகை சேமிப்பாக வேண்டும் என்பவர்கள் முத்திரையோடு செய்துகொள்வதே சரி.

அக்காவுக்கும் எனக்கும் ஆளுக்கு இரண்டு சவரனில் ஒரு சங்கிலி, தம்பிக்கு ஒரு சவரனில் மோதிரம், மிச்சத்தில் அவன் மகளுக்குக் காதுவளையம். தோடுகளைப் பிரிக்கவில்லை. திருகை வெட்டிவிட்டுக் கொக்கி வைத்து, வலது ஒன்று இடது ஒன்று என்று எங்கள் சங்கிலிகளில் பதக்கமாக்கினார். அதற்குமுன் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினார். கல்லுக்குப் பின்னால் கெட்டிப்பட்டிருந்த மஞ்சளும் எண்ணெயும் கரைந்து தண்ணீர் கலங்கியது. அதைக் கீழே கொட்டவிடாமல் வாங்கி, வாசல் செடிக்கு ஊற்றச் சொன்னேன். அப்போதுதான் ஒரு தோட்டில் ஒரு கல் மட்டும் வெளிறியிருப்பதைக் காட்டி, மாற்றித் தரவா என்று கேட்டார். ஏனோ மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என் கழுத்திலிருந்த பதக்கத்தைக் கையில் ஏந்திக் கண்ணருகே கொண்டுபோனார். "இது வலது காது" என்றார். "அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைக்குக் கூட்டத்தில் கல் விழுந்துவிட்டது. வேறு கல் வைத்துக் கொடுத்தேன். நிறம் சேரவில்லை என்று உன் அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை."