சோலெம் மடத்தில் ஐந்து நாள்

பிரான்சில் சாப்ளே-சுர்-சார்த் ரயில் நிலையத்திலிருந்து சோலெம் கிராமத்துக்கு மூன்று கிலோமீட்டர் தூரம். சென்ற அக்டோபரில் தோளில் ஒரு பையை மட்டும் மாட்டிக்கொண்டு அந்தத் தூரத்தை நடந்தே கடந்தேன். சார்த் ஆற்றங்கரையில் கோட்டை மதில் போல உயர்ந்து நிற்கும் புனித பேதுரு மடம், முதன்முறை பார்ப்பவருக்குச் சற்றுக் கலக்கத்தையே தரும். தியானத்துக்கு இடம் கேட்டு இரண்டு மாதங்களுக்கு முன்பே கடிதம் எழுதியிருந்தேன். வரலாம் என்று நான்கு வரியில் பதில் வந்தது. எதற்காக வருகிறேன் என்று அதில் யாரும் கேட்கவில்லை.

விருந்தினரைக் கவனிக்கும் துறவி அறையைத் திறந்துவிட்டார். ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் ஒரு சிலுவை. வழிபாட்டு நேரங்கள் அச்சிட்ட தாளை என் கையில் கொடுத்துவிட்டு, "மதிய வழிபாடு முடிந்ததும் உணவுக்கூடத்தின் வாசலில் நில்லுங்கள், மடத்தலைவர் உங்களை வரவேற்பார்" என்று மட்டும் சொன்னார்.

வாசலில் மடத்தலைவர் கையில் ஒரு குவளையுடன் நின்றிருந்தார். அவருக்கு ஒரு பக்கம் ஒரு துறவி கிண்ணத்தை ஏந்தியிருக்க, மறுபக்கம் இன்னொருவர் துண்டுடன் நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் தீர்த்தம் வாங்குவதுபோல் இரு உள்ளங்கைகளையும் குவித்து நீட்டினேன். அவர் குவளையைச் சற்றுத் தள்ளிச் சாய்த்து, நீர் என் விரல்களின் மேல் வழிந்து கிண்ணத்தில் விழும்படி ஊற்றினார். இரண்டு கரண்டி அளவுதான் இருக்கும், குளிர்ந்த நீர். துண்டு வந்தது, துடைத்துக்கொண்டேன். அவர் தலை தாழ்த்தினார், நானும் தாழ்த்தினேன். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வரவேற்பு முடிந்துவிட்டது.

இது அந்த மடம் தானாக உருவாக்கிக்கொண்ட சடங்கு அன்று. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய துறவற ஒழுங்கின் 53ஆம் அதிகாரம், வருகிற விருந்தினர் அனைவரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்கிறது. "அன்னியனாக இருந்தேன், என்னை ஏற்றுக்கொண்டீர்கள்" என்ற நற்செய்தி வரியே அதற்கு ஆதாரம். விருந்தினர் கைகளில் மடத்தலைவரே நீர் வார்க்க வேண்டும், விருந்தினருக்காக அவர் தம் நோன்பைக்கூட விடலாம், ஏழைகளையும் திருப்பயணிகளையும் தனிக் கவனத்துடன் ஏற்க வேண்டும், செல்வர்களுக்கோ அவர்கள் மேலுள்ள அச்சமே மரியாதையை வாங்கித் தந்துவிடும் என்றெல்லாம் அது விரிகிறது. மனிதரை நன்றாக அறிந்த ஒருவர் எழுதிய அதிகாரம் அது.

அதே அதிகாரத்தின் முடிவை நான் முன்பு கவனித்ததில்லை. அனுமதி பெறாத துறவி விருந்தினருடன் உரையாடக்கூடாது; எதிரே கண்டால் பணிந்து வணங்கி, ஆசி வேண்டி, பேச அனுமதி இல்லை என்று சொல்லிக் கடந்துவிட வேண்டும். முதல் நாள் இந்த இரண்டும் எனக்கு ஒட்டவில்லை. கைகழுவ நீர் வார்க்கும் அன்பு ஏன் நலம் விசாரிப்பதில்லை என்று தோன்றியது. என் தந்தை இறந்த ஆண்டு அது. ஆறுதல் சொல்ல வந்த ஒவ்வொருவரிடமும் அவருடைய கடைசி நாட்களை மீண்டும் மீண்டும் விவரித்து, சொல்லச் சொல்ல அவை வேறு யாருடைய கதையாகவோ ஆகிக்கொண்டிருந்தன. இரண்டாம் நாள் மாலை, ஆற்றைப் பார்த்த சன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது, மணிக்கணக்காக யாரிடமும் எதையும் விளக்காமல் இருந்திருக்கிறேன் என்பது உறைத்தது. அன்றுதான் அழ முடிந்தது.

உணவு வேளையிலும் பேச்சில்லை. வாரமுறைப்படி ஒரு துறவி உயர்ந்த மேடையிலிருந்து ஒரே சுருதியில் நூல் வாசிக்கிறார். யாரும் எதையும் கேட்க நேராதபடி பரிமாற வேண்டும் என்பது ஒழுங்கு. என் தண்ணீர்க் குவளை காலியாவதை நான் கவனிக்கும் முன்பே பரிமாறும் துறவியின் கண் கவனித்துவிடும்.

மடத்தின் நாள் வழிபாட்டைச் சுற்றியே ஓடுகிறது. 1010இல் தொடங்கிய இந்த மடம் பிரெஞ்சுப் புரட்சியில் மூடப்பட்டு, சாப்ளேயில் பிறந்த ப்ரோஸ்பர் கெராஞ்சே என்ற இளம் குருவால் 1833இல் மீண்டும் உயிர்பெற்றது. 1901இல் பிரான்சை விட்டு வெளியேறி இங்கிலாந்தின் வைட் தீவில் வாழ்ந்த துறவிகள் 1922இல்தான் திரும்பினர். பழைய ஏடுகளை ஒப்பிட்டு, கிரகோரியன் இசை எனப்படும் பழைய இலத்தீன் வழிபாட்டுப் பாடல் மரபை மீட்டதில் இம்மடத்தின் பங்கு பெரிது. இலத்தீன் தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை. திருப்பாடலின் ஒவ்வொரு வரியின் நடுவிலும் அவர்கள் விடும் அந்தச் சிறிய இடைவெளியில் நம் மூச்சும் மெல்லத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. 1938இல் குருத்து ஞாயிறு முதல் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த செவ்வாய் வரை, கடுமையான தலைவலியுடன் இங்கே எல்லா வழிபாடுகளிலும் அமர்ந்திருந்த மெய்யியலாளர் சிமோன் வெயில், அந்த வலிக்குள்ளேயே இந்த இசையில் தூய மகிழ்ச்சியைக் கண்டதாகப் பின்னர் எழுதினார். எந்த இருக்கையில் அமர்ந்திருப்பார் என்று தினமும் யோசித்தேன்.

கேட்டால் ஒரு குருவுடன் தனியே பேசலாம். மூன்றாம் நாள் கேட்டேன். அரைமணி நேரத்தில் அவர் பேசியது மிகக் குறைவு. "உங்கள் தந்தையின் பெயரைச் சொல்லுங்கள், நாளைத் திருப்பலியில் நினைவுகூர்கிறேன்" என்றார். சொன்னேன்.

மடத்தின் உள்ளே ஆண்களுக்கு மட்டுமே தங்க இடம். அருகிலேயே 1866இல் தொடங்கிய புனித செசிலியா பெண் துறவியர் மடம் இருக்கிறது.

கடைசி நாள் மதியம் உணவுக்கூட வாசலில் புதிதாக ஒருவர் நின்றிருந்தார். நரைத்த தாடி, கையில் நனைந்த தொப்பி. மடத்தலைவர் குவளையைச் சாய்த்தபோது அவரும் உள்ளங்கைகளைக் குவித்தே நீட்டினார். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. தலை தாழ்த்தி வணங்கிவிட்டு என் இடத்துக்குப் போனேன்.